பெட்டிக்குள் போன மாத்திரை

முப்பது நாளாக ஒரு மாத்திரைகூடத் தன் நாக்கில் படவில்லை என்று ரோமெல் அந்தப் போதை மீட்பு இல்லத்து மைக்கில் சொன்னதும், பார்க்க வந்திருந்த குடும்பங்கள் எல்லாம் கைதட்டின. அவன் அக்கா தெல்மா மட்டும் தட்டவில்லை.

மாத்திரையா? ஷாபு என்கிற போதைத்தூளைத் தொடவில்லை என்றல்லவா அவன் சொல்லியிருக்க வேண்டும்!

தம்பியை உற்றுப் பார்த்தாள். உதடு தனியாக முணுமுணுத்தது. கண் கூரை மூலையில் யாரையோ தேடியது. காதுக்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மாக்தான் பாலத்துக் கம்பியில் ஏறி நின்றானே, அன்றைக்கும் இதே பார்வைதான்.

அவனுக்காக அவள் எங்கேதான் போகவில்லை? கருவாட்டுக் கடையைப் பூட்டிவிட்டுச் செபு நகரம் முழுக்க நாயாய் அலைந்தாள். மனநல ஆஸ்பத்திரியில், "மொதல்ல ஷாபுவ விட்டுட்டு வரச் சொல்லு" என்றார்கள். போதை மீட்பு இல்லங்களில், "மண்டைக்குள்ள குரல் கேக்கறவன்லாம் இங்க ஒத்து வர மாட்டான்" என்றார்கள். இருப்பது ஒரு தம்பி. அவனை எந்த இடத்தில் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுப்பது? கடைசியில் ஒரு டாக்டரம்மா குரலை அடக்கும் மாத்திரையும், அதை விடாமல் கொடுக்க வேண்டும் என்ற கடிதமும் கொடுத்தாள். அதைப் படித்துவிட்டுத்தான் இந்த இல்லத்தை நடத்தும் பிரதர் எர்னிங் அவனைச் சேர்த்துக்கொண்டார். இங்கே அறுபது நாள் முடித்தால், ஷாபுவுக்காக அவன்மேல் போட்ட போலீஸ் வழக்கு தள்ளுபடியாகும். நடுவில் கிளம்பினால் ஜெயில்.

முதல் மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது என்பது விதி. இன்றுதான் விட்டார்கள்.

வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. இல்லத்துக்கு வருகிறவர்கள் விட்டொழித்ததை அதில் போட்டுப் பூட்டுவார்கள். சிகரெட், லைட்டர், ஷாபு புகைத்துக் கருகிய அலுமினியத் தாள். தெல்மா குனிந்து பார்த்தாள். அவற்றுக்கு நடுவே, அவள் கைப்பட 'ரோமெல்' என்று எழுதிய மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இது என்ன பிரதர்?"

"அவனேதான் போட்டான்மா. மாத்திரையும் ஒரு போதைதானே?"

"டாக்டர் லெட்டர படிச்சீங்கல்ல?"

"படிச்சேன். பதினோரு வருஷமா நான் ஷாபுவத் தொடல. எல்லாம் ஜெபம். ஜெபத்துல ஆகாதது மாத்திரையில ஆயிடுமா?"

"அப்போ சட்டைப் பையில இருக்கறத எடுங்க."

பிரதரின் கை தானாகப் பையைப் பொத்தியது. சற்றுமுன் சாப்பிட்டு எழுந்ததும் அவர் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததை அவள் பார்த்திருந்தாள்.

"இது பிரஷருக்கும்மா."

"ஓகோ! உங்க ரத்தத்துக்கு மாத்திரை, என் தம்பி மண்டைக்கு மட்டும் ஜெபமா? எடுத்துப் பெட்டில போடுங்க. மொத ஆளா நானே கை தட்டறேன்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் போடாத. பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போயி ஜெயில்ல தள்ளவா? அவன் இங்கதான் இருப்பான். தினம் கடை தொறக்கறதுக்கு முன்னாடி நான் வந்து குடுப்பேன். வாசக் கேட்டச் சாத்தித்தான் பாருங்களேன், ரோட்டுல நின்னு ஊரக் கூட்டறேன்!"

பிரதர் கேட்டைப் பார்த்தார், நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

தெல்மா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இத்தனை நாள் விட்டுப்போனதால் பாதி மாத்திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொன்னாள். அட்டையைக் கிழித்தாள். மூன்றாவது மாத்திரைதான் சரிபாதியாக உடைந்தது.

ரோமெல் அந்தப் பாதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

"அக்கா, இத முழுங்கினா இவங்க கை தட்ட மாட்டாங்களே."

"நீ முழுங்குடா."

முழுங்கினான். யாரும் தட்டவில்லை. தெல்மா தட்டினாள். ஒற்றை ஆளாக, பிரதர் எர்னிங்கின் முகத்துக்கு நேராக, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.