மணிக்கூண்டில் கட்டிய மஞ்சள் முடிச்சுகள்

கோவையில் அந்தப் பல்கலைக்கழகத்து மணிக்கூண்டைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. பன்னிரண்டு அடிக்கும்போது அதன் நிழலைத் தாண்டினால் அரியர் விழும் என்பார்கள். கட்டிய மேஸ்திரி இன்னும் மேலேயே இருக்கிறார் என்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய கதை, பரீட்சை மாதம் வந்தால் கடிகாரம் பிள்ளைகளுக்காக மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளும் என்பது.

பொறியியல் பட்டறையின் பொறுப்பாளர் பொற்கொடிக்கு இந்தக் கதைகள் எல்லாம் தெரியும். அவள் படித்ததும் அங்கேதான். கடிகாரத்தைப் பராமரிப்பதும் அவள் வேலை. ஆனால் 1997 ஏப்ரலில் கடிகாரம் பொறுத்துக்கொள்ளவில்லை, முந்திக்கொண்டது. பரீட்சை முடிவதற்கான மணியை மூன்று நிமிடம் முன்னதாகவே அடித்துவிட்டது. மாணவர்கள் திரண்டு போய்ப் புகார் கொடுத்தார்கள்.

எஸ்டேட் ஆபீசர் சசிதர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் பேட்டரிக் கடிகாரத்துக்கான கொட்டேஷன் இருந்தது.

"ஏனுங்க மேடம், அறுபது வருச மெசினுங்க. இனியும் அதைக் கட்டிக்கிட்டு அழுவோணுமா? கழட்டி மியூசியத்துல வெச்சுப்போடலாம்."

"ஒரு வாரம் குடுங்க சார். அடுத்த திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு ரேடியோ பீப்போட ஒத்துப் பாக்கலாம். அஞ்சு செகண்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா நானே கழட்டித் தர்றேன்."

"அஞ்சு செகண்டா? என்ற வாட்சே அவ்வளவு கரெக்டா ஓடாதுங்க!" என்று சிரித்தார் சசிதர். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அன்று காலையிலேயே பொற்கொடி வானொலியைக் கேட்டு முள்ளைச் சரியாக வைத்திருந்தாள். மறுநாள் பார்த்தபோது இருபது விநாடிக்கு மேல் முந்தியிருந்தது. கோபத்தைவிட அவளுக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

காரணம் இதுதான். இந்தக் கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் பெண்டுலம். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான இரும்புத் தண்டு, அதன் அடியில் ஐம்பது கிலோ குண்டு. தண்டு நீண்டால் ஆட்டம் மெதுவாகும், குறுகினால் வேகமாகும். மார்கழிக் குளிரில் அவள் குண்டின் அடித்திருகைத் திருகி நேரத்தைத் துல்லியமாக வைத்திருந்தாள். சித்திரை வெயிலில் இரும்பு விரியும். ஒரு தபால் கார்டின் தடிமன் அளவுதான் விரியும். ஆனாலும் ஒரு நாளைக்கு ஆறு விநாடி பின்தங்க அது போதும். மாதக் கணக்கில் மூன்று நிமிடம். கடிகாரம் பொறுத்துக்கொள்ளும் என்ற கதை பிறந்தது அங்கேதான். அதில் பொய்யே இல்லை.

ஆக, வெயிலில் இது பின்தங்க வேண்டும். இதுவோ முந்துகிறது. யாரோ, எதையோ, பெண்டுலத்தில் செய்திருக்கிறார்கள்.

அவள் எப்போதும் கீழ்த்தளத்துக் கதவைத் திறந்து குண்டையும் திருகையும் மட்டுமே பார்ப்பாள். தண்டின் மேல்பாதி ஒரு பலகைக் கூட்டுக்குள் மறைந்திருக்கும். வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் காளிச்சாமிதான் மேலிருந்து அதைத் திறந்து எண்ணெய் விடுவார். அன்று அவளே படியேறிப் போய்ப் பலகையை நீக்கினாள்.

தண்டின் நடுப்பகுதி முழுக்க மஞ்சள் துணி. காசு வைத்து முடிந்த வேண்டுதல் முடிச்சுகள். பதினெட்டு இருந்தன.

பின்னால் படியில் செருப்புச் சத்தம். எண்ணெய்க் கிண்ணத்தோடு காளிச்சாமி வந்து நின்றார்.

"பாத்துப்போட்டீங்களா?" என்றார் கூச்சத்தோடு. "தாராபுரத்துல இருந்தும் வெள்ளகோவில்ல இருந்தும் பெத்தவங்க வாராங்க. 'கடிகாரத்துச் சாமி எங்க புள்ளைக்கு மூணு நிமிசம் சேத்திக் குடுக்கோணும்'னு கேக்கறாங்க. நான் முடியாதுன்னு எப்புடிங்க சொல்றது? முந்தியெல்லாம் ஒண்ணு ரெண்டுதானுங்க, இந்த வருசந்தான் இத்தனை சேந்துபோச்சு. பாஸானதும் அவுத்துட்டுப் போயி மருதமலை உண்டியல்ல போட்டுருவாங்க. பத்துப் பைசா நான் தொட்டதில்லைங்க."

"அது தெரியுங்க அண்ணா. நீங்க தூரி ஆடியிருக்கீங்களா?"

"ஏன் ஆடாம? ஆடி நோம்பிக்கு எங்கூருப் புளியமரத்துல நான் கயிறு போட்டுக் கட்டுன தூரிதானுங்க."

"உக்காந்து ஆடறதுக்கும் நின்னு ஆடறதுக்கும் என்ன வித்தியாசம்?"

காளிச்சாமி கண்ணை மூடி யோசித்தார். "நின்னுக்கிட்டா வெடுக்கு வெடுக்குன்னு போகும்."

"அதேதாங்க. கனம் மேல ஏறினா ஆட்டம் சுருங்கிப்போகும், வேகமாகும். இந்தக் குண்டு உக்காந்து ஆடிக்கிட்டிருந்துச்சு. நீங்க நடுத்தண்டுல கனத்தைக் கட்டி அதைக் கொஞ்சம் எழுப்பி விட்டுட்டீங்க. ஒரு முடிச்சுக்கு, ஒரு நாளைக்கு ஒன்றரை செகண்டுக்கு மேல முந்தும்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப... மூணு நிமிசம் கேட்டுக் கட்டினவங்களுக்கு..."

"இருந்த மூணு நிமிசமும் போச்சுங்க."

"அட சாமீ!" என்று தலையில் கைவைத்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். "அம்மணி, கோவிச்சுக்காதீங்க. எம்பதுல உங்கம்மாவும் வந்தாங்க. பண்ணையில நாத்து நட்டுட்டு, சேத்துக் காலோட மேல ஏறி வந்து உங்களுக்கு ஒண்ணு கட்டினாங்க."

அந்த வருடம் மெக்கானிக்ஸ் பரீட்சையில் கடைசிக் கணக்கு பாதியில் நிற்க மணி அடித்தது பொற்கொடிக்கு நினைவிருந்தது. பெண்டுலம் பற்றிய கணக்கு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த கண்ணில் நீர் வந்தது. அம்மா பொன்னாத்தாள் இந்தத் தொண்ணூற்றிரண்டு படியையும் ஏறி வந்திருக்கிறாள் என்பது இன்றுதான் அவளுக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் அவுத்துப்போடட்டுங்களா?" என்று கேட்டார் காளிச்சாமி.

சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். வெயில் ஆறு விநாடி பின்னுக்கு இழுக்கிறது. ஒரு முடிச்சு ஒன்றரைக்குச் சற்று மேல் முன்னுக்குத் தள்ளுகிறது. நாலு முடிச்சு இருந்தால்?

"நாலு மட்டும் இருக்கட்டுங்க. மத்ததெல்லாம் மணி தொங்குற இரும்புச் சட்டத்துக்கு மாத்திக் கட்டுங்க. அங்க எவ்வளவு கட்டினாலும் நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் வானொலியைக் கேட்டு முள்ளை மறுபடியும் சரியாக வைத்தாள் பொற்கொடி. திங்கட்கிழமை காலை. கூண்டின் அடியில் சசிதர் டிரான்சிஸ்டரோடு நின்றார். கூடவே பாதி பட்டறையும் நின்றது. கடைசி பீப் ஒலித்தது. சசிதர் அண்ணாந்து பார்த்தார். "ஒண்..." என்று அவர் எண்ணத் தொடங்குவதற்குள் மேலே சுத்தியல் விழுந்தது. எட்டு மணியோசைகளும் வேப்பமரங்களைத் தாண்டிப் போய் ஓய்ந்தன.

அவர் கொட்டேஷனை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மெசினு சரியாத்தானுங்க இருக்குது. நாமதான் அதைப் படுத்தியிருக்கோம் போல" என்றார்.

மாலையில் எண்ணெய் போட்டது சரிதானா என்று பார்க்கப் பொற்கொடி படியேறினாள். மேலே பேச்சுக் குரல் கேட்டு நின்றாள். வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒரு தம்பதி மஞ்சள் முடிச்சோடு நின்றிருந்தார்கள். "தண்டுலதானுங்க கட்டோணும்னு சொன்னாங்க" என்று அந்தப் பெண் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்டுல கணக்கு இருக்குதுங்கம்மா. நாலுதான், அஞ்சாவது ஆகாது" என்றார் காளிச்சாமி. "இங்க, மணிகிட்டக் கட்டுங்க. ஆமா, நீங்க தூரி ஆடியிருக்கீங்களா?"

பொற்கொடி சத்தம் காட்டாமல் படியில் உட்கார்ந்து, அவர் முழுவதும் விளக்கி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை.