இடக்கையும் பெட்டகத் திறப்பும்

ஏரம்புவுக்கு டாக்குத்தர்மாரில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் மகள் ஜெகதீஸ்வரியை மாங்குளத்தில் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கூட்டிவந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நித்திரையில் திடீரென்று கத்துவாள், காலை உதைப்பாள், அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடுவாள். ஒரே இரவில் ஐந்தாறு தரம். பேய் என்றார்கள், நூல் கட்டியும் நிற்கவில்லை. வலிப்பு என்று வவுனியாவில் கொடுத்த குளிசையும் மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

கொழும்பில் தலையிலிருந்த நல்லெண்ணெய் போக மூன்று தரம் கழுவி, கம்பிகளை ஒட்டி, மிசினில் கோடு கீறிப் பார்த்தார்கள். பெரிய டாக்குத்தர் கதிர்காமநாதன் அந்தக் கடதாசியை மேசையில் விரித்தார்.

"என்ன காணும், மிசின் வலப்பக்க நெற்றி மூளையைக் காட்டுது. அப்பிடியெண்டால் இடக்கையிலைதான் வலிப்புத் துடங்கவேணும். நீர் வலக்கையெண்டு சொல்லுறீர்."

"வலக்கைதான். நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறனான். எனக்குத் தெரியாதோ?"

"ரெண்டும் ஒத்துவராட்டி நான் தலையிலை கத்தி வைக்கமாட்டன். கூட்டிக்கொண்டு போம்."

ஏரம்பு எழும்பிவிட்டார். கத்திக்குத் தப்பியது நல்லதுதான். ஆனால் வீட்டுக்குப் போனால் பழையபடி அதே கத்தல், அதே உதைப்பு.

மகள் அவருடைய சால்வையைப் பிடித்திழுத்தாள். "அப்பு, திறப்பைச் சொல்லுங்கோவன்."

"என்ன திறப்பு?" என்றார் டாக்குத்தர்.

ஏரம்புவின் முகம் கறுத்தது. மடியிலிருந்த பெட்டகத் திறப்பை, ஒரு சாண் நீள இரும்புச் சாவியை, எடுத்து மேசையில் போட்டார்.

"வலி வந்தால் கையிலை இரும்பு குடுக்கிறது எங்கடை வழக்கம். சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ."

டாக்குத்தர் சிரிக்கவில்லை. "எந்தக் கையிலை குடுப்பீர்?"

"வலக்கையிலைதான். இடக்கையை விரிக்கேலாதே! நான் ஓடிப்போகேக்கையே அது கல்லுமாதிரி இறுகிக் கிடக்கும்."

"எல்லாத் தரமுமோ?"

"எல்லாத் தரமும். அதுக்குப் பிறகுதான் மற்றக் கை உதறும்."

"அப்ப துடக்கம் இடக்கையிலைதானே! இதைத்தானே மனுசா ரெண்டு நாளாய்க் கேக்கிறன்!"

"நீங்கள் திறப்பைப் பற்றிக் கேக்கேல்லையே."

ஸ்கேன் இல்லாத காலம் அது. வெட்டமுதல் பக்கத்தை உறுதிசெய்ய, இனித் தலைக்குள் காற்று ஏற்றி ஒரு எக்ஸ்ரே படம் பிடிக்கவேண்டும், அதற்குச் சம்மதம் வேண்டும் என்று டாக்குத்தர் ஒரு கடதாசியை நீட்டினார். ஏரம்பு அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது.

"படத்திலை வேறை பக்கம் வந்தால்?"

"வெட்டமாட்டன்."

"அதையும் இதிலை எழுதுங்கோ. தமிழிலை."

டாக்குத்தர் முறைத்துப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு வரி எழுதி, தானே வாசித்தும் காட்டினார். ஏரம்பு கடதாசியை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

"உன்ரை தலை. நீ வாசி பிள்ளை."

அவள் வாசித்து முடித்த பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தார்.