காலி வண்டிகள் இரண்டு

ஓட்டுநர் இல்லாத வண்டியை நான் நம்பியதில்லை. அதை ஓடவிடும் என் மருமகளையும் அவ்வளவாக நம்பியதில்லை.

நான் அந்தக் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எந்த வண்டி எந்த வழியில், எப்போது போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிவைப்பது அவள் வேலை. தற்காலிகம்தான். அன்றைக்குச் சோதனை. ஆறு வண்டிகளும் மனிதக் கை படாமல் சரக்கு அடுக்கிய நாற்பது பேலட்டை இரண்டு மணிக்குள் லாரி வாசலில் சேர்த்தால் நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

ஒன்றரை மணிக்கு முப்பத்தாறு சேர்ந்திருந்தது. அப்போது ஏழாம் ரேக் சந்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து நின்றன. ஒன்று போகத்தான் அங்கே இடம். நின்றவை நகரவே இல்லை.

"என்னம்மா இது, சம்பந்திங்க மாதிரி நீங்க போங்க, நீங்க போங்கன்னு நிக்குதுங்க?" என்றார் சூப்பர்வைசர்.

மருமகள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "காலி வண்டி சுமை வண்டிக்கு வழி விடணும்னு போட்டிருக்கேன் சார். இது ரெண்டுமே காலி. இப்படி வரும்னு நான் நினைக்கல."

போன் வந்து சூப்பர்வைசர் வெளியே போனார். நான் நேராகப் போய் ஒரு வண்டியின் மேல் ஏறி நின்றேன். சுமை வந்துவிட்டதென்று அது கிளம்பியது. எதிரே நின்றது பின்வாங்கியது. சந்து முனையில் இறங்கிக்கொண்டேன். இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நாற்பதும் சேர்ந்தது.

"எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சூப்பர்வைசர்.

"தானா சரியாச்சு" என்றேன்.

"இல்ல சார். மாமா மேல ஏறி நின்னாரு" என்றாள் மருமகள்.

"கையா பட்டுச்சு? கால்தானே?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் தோல்வி என்று எழுதிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

"மூடிக்கிட்டா, நாளைக்கும் நீங்கதான் போய் ஏறி நிக்கணும் மாமா. என்னைக்காவது அது உங்க மேல ஏறும்."

மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிட்டார்கள். இரண்டும் காலியென்றால் எண் சிறியது முதலில் போகட்டும் என்று கடைசி நாளில் மாற்றி எழுதிவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

இப்போது வேறொரு குடோனில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டால் நடந்ததை அப்படியே சொல்வாளாம். சொன்னால் வேலை கிடைக்காது என்றேன். சொல்லத்தான் போகிறாள்.