குக்கருக்குப் பொட்டு

சுவிசின் இன்டர்லாக்கனுக்கு மூன்று பஸ் நிறைய வந்த யப்பான்காரர், குகதாசனுடைய றைஸ் குக்கருக்கு முன்னால் வரிசையில் நின்று தலை குனிந்து வணங்கிவிட்டுத்தான் மலை பார்க்கப் போனார்கள். ஹோட்டல் குசினியில் சமைத்து இளைப்பாறிய குகதாசன் அப்படித்தான் சொல்லுவார். ஆயுத பூசையன்று குக்கருக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தாராம். அதைக் கண்டு உருகிவிட்டார்களாம். வேலையில் இருந்த காலத்தில் அந்தக் கதையில் ஒரு பஸ்தான் ஓடியது.

மனைவி ஞானேஸ்வரி ஒரு பஸ்ஸையும் நம்பவில்லை. மகள் ஹரிஷாவின் மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாக வரும் ஞாயிறும் நெருங்கிவிட்டது.

"அவையளுக்கு முன்னால குக்கர் கதை வாயில வரக்கூடாது. பெட்டையின்ர தேப்பன் புளுகன் எண்டு நினைப்பினம்."

குகதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கதையை ஒருதரமும் கேட்டிராத காது சுவிசிலேயே இனிச் சம்பந்தியிடம்தான் மிச்சம்.

அந்த ஞாயிறுக்கு முன் வந்த 2014ஆம் வருட ஆயுத பூசைக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், பாடன் நகரில் மழை பிடித்துக்கொண்டது. பழைய யப்பான் வீட்டுச் சாமான்களை வைத்திருக்கும் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினார்கள். இரண்டே அறை. அதை நடத்தும் மிச்சிக்கோ என்ற யப்பான் அம்மா, வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதுமே ஞானேஸ்வரிக்கு இடம் பிடித்துவிட்டது.

தகர விளையாட்டுக் கார், மணிக்கூடு, பூப்போட்ட பிளாஸ்க்.

"இஞ்சருங்கோ, எங்கட அம்மான்ர பிளாஸ்க்."

"யப்பான்காரர் கப்பல் அனுப்பித் தூக்கிக்கொண்டு போட்டாங்கள் போல."

அடுத்த தட்டில் ஒற்றைச் சுவிட்சோடு ஒரு வெள்ளைக் குக்கர். குகதாசன் அதன் முன்னால் அசையாமல் நின்றார்.

"ஞானம், அந்தச் சந்தனத்தைத் தா."

"நெத்தியில கிடக்குத்தானே?"

"எனக்கில்லை."

யோசிக்காமல் கைப்பையிலிருந்த பிரசாதப் பொட்டலத்தைக் கொடுத்தாள். அவள் நிமிர்வதற்குள் குக்கரின் மூடியில் பொட்டு விழுந்துவிட்டது. தொடக்கூடாது என்ற அறிவித்தல் பக்கத்திலேயே இருந்தது.

மிச்சிக்கோ ஓடிவந்தார். பார்க்க வந்திருந்த மூன்று யப்பான்காரரும் திரும்பினார்கள்.

"முடிஞ்சுது," என்றாள் ஞானேஸ்வரி. "சம்பந்தியைப் பொலிசில வைச்சுத்தான் சந்திக்கப்போறம்."

குகதாசன் ஹோட்டல் குசினியில் பழகிய ஜெர்மன் மொழியில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றையும் கூட்டாமல் சொன்னார். இது வருடம் முழுக்க எங்களுக்காக உழைக்கிற சாமான். இன்றைக்கு ஓய்வு கொடுத்து நன்றி சொல்லுவது எங்கள் வழக்கம்.

மிச்சிக்கோ பொட்டை உற்றுப் பார்த்தார். பிறகு, தங்கள் நாட்டிலும் முறிந்த ஊசியைச் சும்மா எறியாமல், மெத்தென்ற சோயாக் கட்டியான தோஃபுவில் குத்தி, நன்றி சொல்லி அனுப்பும் நாள் ஒன்று உண்டென்றார். குக்கருக்கு நேரே நின்று, இடுப்பு வளையக் குனிந்தார். பின்னால் நின்ற மூவரும் விசயத்தைக் கேட்டறிந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து குனிந்தார்கள்.

ரயிலில் ஞானேஸ்வரி மிச்சச் சந்தனத்தைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். குக்கர் கதைக்குப் போட்ட தடையை மட்டும் நீக்கவில்லை.

ஞாயிறு வந்தது. சம்பந்தி நித்தியானந்தன் வடையை எடுத்துக் கடிக்கமுதலே குகதாசனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்டர்லாக்கனில ஒருக்கா, மூண்டு பஸ் நிறைய யப்பான்காரர் என்ர குக்கரைக் கும்பிட்டவை."

நித்தியானந்தன் சிரித்தார். "என்ன தங்கச்சி, மெய்யோ?"

ஞானேஸ்வரி தேத்தண்ணித் தட்டத்தை மெல்ல வைத்தாள். குகதாசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வடையைப் பார்த்தார்.

"மூண்டில்லை அண்ணை, ஒரு பஸ்தான்," என்றாள். "ஆனால் கும்பிட்டவை."