தனுஷா காணாத பற்கள்

சர்க்கரைவள்ளி போல இனிக்கும் வத்தாளங்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி அவித்து, கண்ணகை தட்டில் ஆற வைத்தாள். சீனி ஒரு துளியும் சேர்க்கவில்லை. பக்கத்தில் அவித்த பயறும் பப்பாசித் துண்டும் இருந்தன. இரண்டரை வயது ரதீஸ் ஒரு துண்டைத் தூக்கி வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கடைவாயால் கடித்தான். முன்னால் கடிக்க அவனுக்குப் பல் இல்லை. மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் போன மாதம்தான் பட்டணத்தில் பல் டொக்டர் பிடுங்கியிருந்தார்.

இன்றைக்கு அவனுடைய தாய் சவூதியிலிருந்து வருகிறாள். பல் போன கதை அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் கண்ணகைதான்.

தனுஷா கண்ணகையின் தங்கை. புருசன் காணாமற்போன பிறகு, ஏழு மாதப் பிள்ளையை அக்காவின் மடியில் விட்டுவிட்டு வீட்டுவேலைக்குப் போனவள். அவள் போன இரண்டாம் மாதம் பிள்ளைக்கு முதல் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்குக் கண்ணகை ஒரு குறையும் வைக்கவில்லை. தேங்காய்ச் சொட்டைப் பற்களாக வரிசையாய்ச் செருகிக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையில் வெள்ளைத் துணி போட்டு மேலே சொரிய, ஆரையம்பதிப் பெண்கள் குரவை போட்டார்கள். தங்கைக்கு அனுப்ப ஸ்டூடியோவில் கழுவி வைத்திருந்த அந்தச் சடங்குப் படத்தை டிசம்பர் சுனாமியில் கடல் வீட்டோடு கொண்டுபோனது. ஆகவே தனுஷா தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்.

"அக்கா, இப்ப எத்தன பல்லு?"

கண்ணகை எண்ணிச் சொல்வாள். பல்லைப் பிடுங்கிய பிறகும் குறைக்காமல்தான் சொன்னாள். "எல்லாம் இரிக்கு புள்ள" என்று சொல்லிவிட்டு, தொலைபேசிக் கடைக்கு வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடல் வந்து போன பிறகு பள்ளிக்கூட மண்டபத்து முகாமில் இவர்களோடு நூறு குடும்பங்கள். காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே ரதீஸ் அலறுவான். அவன் அழுதால், பக்கத்துப் பாயில் கிடந்த இலட்சுமிப்பிள்ளை திடுக்கிட்டு எழும்பித் தன் பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிடுவாள். இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். அதைக் காதால் கேட்க முடியாது. நிவாரணமாக வந்து குவிந்ததோ சீனிப்பாகாய் இனிக்கும் டின்பாலும் இனிப்பு பிஸ்கட்டும். கண்ணகை டின்பாலைக் கரைத்துப் போத்தலில் ஊற்றி அவன் வாயில் வைத்தாள். பிள்ளை அடங்கினான், இலட்சுமிப்பிள்ளையும் படுத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. முகாமை விட்டுத் தற்காலிகக் கொட்டிலுக்கு வந்து ஒரு வருசம் கொடுத்ததற்கு என்ன காரணம்? போத்தல் வாயில் இருந்தால் பிள்ளை அசையமாட்டான், இவள் பாட்டுக்குத் தென்னோலைக் கிடுகு பின்னலாம். அவ்வளவுதான்.

வீடு வீடாக வரும் மருத்துவிச்சி நஸீறா மிஸ்தான் முதலில் ரதீஸின் வாயைத் திறந்து பார்த்தார். கறுத்துப்போன நான்கு முளைகள். "நாள் முழுக்க இனிப்பு ஊறினா பல்லு என்னத்துக்கு ஆகும்? போத்தல எறிங்க. கிழங்கு, பயறு, முட்டை எண்டு அவிச்சுக் கையில குடுங்க. இனிப்பு கிழங்கிலயே இரிக்கு" என்றார். மூன்று நாள் ரதீஸ் தட்டைத் தட்டிவிட்டான். நாலாம் நாள் ஒரு துண்டைக் கடித்தான். அதற்குள் பற்கள் சீழ் கட்டிவிட்டன.

ஆட்டோ வந்து நின்றது.

தனுஷா மெலிந்திருந்தாள். கையை விரித்து ஓடி வந்தவளைக் கண்டு ரதீஸ் கண்ணகையின் சேலைக்குள் ஒளிந்தான். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. தனுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மேலேயே ஒரு பெரிய டொபி டின். ஒன்றைப் பிரித்து நீட்டினாள். ரதீஸின் தலை வெளியே வந்தது, பிறகு கை வந்தது.

கண்ணகை பேசாமல் இருந்திருக்கலாம். பிள்ளை தாயின் மடிக்குப் போயிருப்பான், இன்னும் ஒரு பொழுது தப்பியிருக்கலாம். அவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள்.

"வேணாம் தனுஷா."

"என்னக்கா, என்ட புள்ளைக்கு நான் ஒரு டொபி குடுக்கக் கூடாதா?"

"மனெ, வாயத் தொறந்து காட்டு."

நஸீறா மிஸ்ஸுக்கும் டொக்டருக்கும் வாயைக் காட்டிப் பழகிய பிள்ளை. ஆவென்று திறந்து காட்டினான்.

தனுஷாவின் கையில் டொபி அப்படியே இருந்தது. "பல்லு எங்க?"

"பிடுங்கின. போன மாசம்."

"எல்லாம் இரிக்கு எண்டியே."

"பொய் சொன்னன். டின்பால் குடுத்துக் குடுத்து நான்தான் கெடுத்த."

"முகாமில வேற என்ன இருந்த? அழுதா என்ன செய்யிற?" தனுஷாவே அக்காவுக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டாள். கண்ணகை அந்த வழியால் போகவில்லை.

"முகாமில அழுதவன். கொட்டில்ல அழல்ல. என்ட வேலைக்குத் தொந்தரவு எண்டுதான் குடுத்தன், ஒரு வருசமா."

ஏசுவாள், அடிப்பாள் என்று கண்ணகை காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தனுஷா டின்னை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள். தட்டிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்து நீட்டினாள். ரதீஸ் பெரியம்மாவை ஒருதரம் பார்த்தான், பிறகு மெதுவாகப் போய் வாங்கினான். தாயின் மடியில் இருந்து கடைவாயால் கடித்தான். தனுஷா அவன் கன்னத்தைப் பிடித்து, மிச்சப் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.

எண்ணி முடிந்ததும், அக்காவின் முகத்தைப் பாராமலே கேட்டாள்.

"இத எவ்வளவு நேரம் அவிக்கிற? சொல்லு. நாளையிலருந்து நான் குடுக்கன்."

கண்ணகை சொல்லிக்கொடுத்தாள்.