நாற்பத்திரண்டாவது உறை

டெலித் ப்ராஸருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு ஓட்டுச்சீட்டு உறை தேவைப்பட்டது. நாற்பத்தோரு பேர் போட்டாயிற்று. இன்னும் ஒருவர் போட்டால் பஸ் டிப்போவில் வேலைநிறுத்தம். போடாவிட்டால், திங்கட்கிழமை கம்பெனி நீட்டுகிற புது ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நல்ல ஒப்பந்தம் அது! காலையில் நாலு மணி நேரம் ஓட்டு, அப்புறம் அஞ்சு மணி நேரம் சம்பளமில்லாமல் எங்கேயாவது கிட, சாயங்காலம் மறுபடி வந்து ஓட்டு. இருபத்தாறு வருஷமாக ரோண்டா நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டுகிறவளுக்கு, டிப்போவின் சங்கச் செயலாளருக்கு, இதை வாசித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

முற்றத்தில் கூடிக் கை தூக்கினால் அஞ்சு நிமிடத்தில் முடிகிற விஷயம். லண்டனில் சட்டம் போட்ட மகராசர்கள் விட்டால்தானே? ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்குத்தான் வர வேண்டும், தபாலிலேயே திரும்பவும் வேண்டும். அதோடு, சங்க உறுப்பினர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அது குறைந்தால், போட்டவர்கள் அத்தனை பேரும் ‘வேண்டும்’ என்று சொல்லியிருந்தாலும் செல்லாது. டிப்போவில் உறுப்பினர்கள் எண்பத்து நாலு பேர், பாதி நாற்பத்திரண்டு. அந்த மகராசர்களில் எத்தனை பேர் பாதி ஊர் ஓட்டுப் போடாத தேர்தலில் ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்று கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள்.

மூன்று வாரமாக டெலித் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவன் வீடு மாறிப் போயிருந்தான். ஒருத்தி உறையின் முதுகில் பால், ரொட்டி, பூனைக்குத் தீனி என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். பயந்தவர்கள் கதவையே திறக்கவில்லை. எல்லோரையும் பார்த்த பிறகு மிச்சமிருந்தது எம்லின் பியூ ஒருவர்தான்.

எம்லினுக்கு அறுபத்திரண்டு வயது. ஞாயிறு தவறாமல் தேவாலயம், வருஷம் தவறாமல் சங்கச் சந்தா. எந்த வேலைநிறுத்தம் வந்தாலும் ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போடுவார், அதை மூடி மறைக்கவும் மாட்டார். டெலித்துக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நாலு பத்துக்கு அவருடைய பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ‘வேண்டாம்’ என்று போட்டாலும் அது நாற்பத்திரண்டாவது ஓட்டு. அவர் வாய் ‘வேண்டாம்’ என்று சொல்லும், கணக்கு ‘வேண்டும்’ என்று முடியும். இந்த வில்லங்கம் அவருக்குத் தெரியுமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"எம்லின், ஓட்டை அனுப்பிட்டீங்களா?"

அவர் தலைக்கு மேலே இருந்த பலகையை விரலால் காட்டினார். பஸ் ஓடும்போது ஓட்டுநருடன் பேசக்கூடாது. கல்லுளிமங்கன்! இருபத்தாறு வருஷமாகத் தானும் ஓட்டுகிற பஸ்ஸில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

முதல் நிறுத்தத்தில் இரண்டு கிழவிகள் ஏறினார்கள். எம்லின் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"இல்ல. கோட்டுப் பையிலதான் இருக்கு."

"நாளன்னைக்கு மத்தியானம் லண்டன்ல இருக்கணும். இன்னைக்குப் போட்டாத்தான் போய்ச் சேரும். மேல பிளேன்வென் தபாலாபீஸ்ல அஞ்சேகாலுக்கு எடுக்குறான். மத்த பெட்டியெல்லாம் காலையில ஒம்பது மணியோட சரி."

"தெரியும் பொண்ணே. ரெண்டு வாரம் முன்னாடியே கோடு போட்டு ஒட்டி வச்சுட்டேன். எதுல போட்டேன்னு கேக்க மாட்டியா?"

"அது உங்க ரகசியம்."

"ஊருக்கே தெரிஞ்ச ரகசியம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடுத்தார்.

மணி நாலு இருபத்தெட்டு. மழை பிடித்துக்கொண்டது. பாதி மேட்டில் குப்பை லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. முழுசாக நின்றுவிட்ட வண்டியில் பேசலாம் போலிருக்கிறது, எம்லினே ஆரம்பித்தார்.

"போன வாரம் மேனேஜர் ஹாப்கின் என்னைத் தனியாக் கூப்பிட்டான். ‘உனக்கு ஸ்ட்ரைக் பிடிக்காதுன்னு தெரியும் எம்லின், அந்தச் சீட்டைக் குப்பைத் தொட்டியில போட்டுடு, அது போதும்’னான். அன்னையிலருந்து மண்டையைக் குடையுது. என்னோட ‘வேண்டாம்’ அவனுக்கு வேணும்தானே? அப்புறம் ஏன் குப்பையில போடச் சொல்றான்?"

அந்தக் கணக்கு அவருக்குத் தெரியவில்லை என்று டெலித்துக்கு இப்போது புரிந்தது. மூன்று வாரம் மழையில் அலைந்த அலைச்சல், எண்பத்து நாலு குடும்பம், எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. ‘அவன் கிடக்கிறான், போடுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் போட்டுவிடுவார். உண்மையைச் சொன்னால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை அவளே உடைத்த மாதிரி ஆகும்.

லாரி நகர்ந்தது. எம்லின் பேச்சை நிறுத்திக்கொண்டார். நாலு ஐம்பது. அடுத்த நிறுத்தத்தில் யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. ஆனாலும் அவர் வண்டியை நிறுத்தினார்.

"எண்பத்து நாலாம் வருஷம் நான் நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தேன்" என்றார். "இருபத்தேழு வயசு. ஸ்ட்ரைக் பண்ணலாமான்னு எங்களைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. வேண்டாம்னு கை தூக்கினோம், நூத்துக்கணக்குல. மறுநாள் காலையில பக்கத்துச் சுரங்கக்காரங்க எங்க கேட்ல மறியலுக்கு வந்து நின்னாங்க. நின்னவங்களைத் தாண்டிப் போற வழக்கம் எங்க அப்பனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. திரும்பிட்டேன். ஒரு வருஷம் பட்டினி. அதுக்குக்கூட வருத்தமில்ல டெலித். நான் தூக்கின கையை எவனும் எண்ணலையேன்னுதான் இன்னைக்கும் வலிக்குது. அதனால கேக்குறேன். நீ பொய் சொல்ல மாட்டே. ஏன் குப்பையில போடச் சொன்னான்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சொல்லாதே, சொல்லாதே என்று உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். அவளை அறையலாம் போலிருந்தது.

"நாற்பத்தோரு பேர் போட்டிருக்காங்க எம்லின். நாற்பத்திரண்டு வேணும். நீங்க ‘வேண்டாம்’னு போட்டாலும் எண்ணிக்கை நிரம்பிடும், ஸ்ட்ரைக் வந்துடும். போடலைன்னா வராது. உங்களுக்கு ஸ்ட்ரைக் வேண்டாம்னா, ஹாப்கின் சொன்னதுதான் சரி. அந்த உறையைக் கிழிச்சுடுங்க."

எம்லின் வண்டியை எடுத்தார்.

பிளேன்வென்னை எட்டியபோது அஞ்சு பதிமூன்று. தபாலாபீஸ் வாசலில் சிவப்பு வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. தபால்காரி பெட்டியைத் திறந்து பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். எம்லின் பஸ்ஸை நிறுத்தத்தில் அளவெடுத்த மாதிரி நிறுத்தினார், எஞ்சினை அணைத்தார், சாவியை எடுத்தார், பதிவுத்தாளில் நேரம் எழுதினார். டெலித்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியத் தோன்றியது.

"குடுங்க, நான் ஓடிப் போய்ப் போட்டுடறேன்."

"என் ஓட்டை அடுத்தவங்க கையில குடுத்துப் பழக்கமில்ல" என்றார் எம்லின்.

கிழவிகள் இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இறங்கினார். தபால்காரி பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். எம்லின் மழையில் நடந்து போய் அவள் முன்னால் நின்றார். கோட்டுப் பைக்குள் கையை விட்டார். கை அங்கேயே இருந்தது. டெலித் பஸ் படியிலிருந்து பார்த்தாள். கிழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

"பொண்ணே, கொஞ்சம் பையைத் திற" என்றார் எம்லின் தபால்காரியிடம்.

திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "இந்த வாட்டி கேட்டாங்க, எண்ணுறோம்னும் சொல்றாங்க. எண்ணட்டும். அந்த ஸ்ட்ரைக் எனக்கு இன்னமும் வேண்டாம்தான், ஞாபகம் வச்சுக்க."

டெலித்துக்கு அழுகை வந்தது. மழை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முகத்தைத் துடைக்காமல் விட்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டிப்போ கேன்டீனில் அவளுடைய போன் அடித்தது. முப்பது பேர் தேநீர்க் கோப்பையோடு அசையாமல் நின்றார்கள். அவள் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதினாள், பிறகு உரக்கப் படித்தாள்.

"ஓட்டுப் போட்டவங்க நாற்பத்திரண்டு. வேண்டும், நாற்பத்தொண்ணு. வேண்டாம், ஒண்ணு. செல்லும்."

மேசையெல்லாம் அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும், நாலாம் நம்பர் பஸ்ஸுக்குப் புதுசாக வந்திருந்த ரோட்ரி கோப்பையைத் தட்டினான். "அது யாருடா அந்த ஒண்ணு? அந்தக் கருங்காலி மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

அந்த வார்த்தையை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. டெலித் வாயைத் திறப்பதற்குள் கடைசி மேசையிலிருந்து எம்லின் எழுந்தார். கேட்டில் மறியலுக்கு நிற்கிறவர்கள் பெயரெழுத அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளிடம் போனார். முதல் நாள், விடியற்காலை அஞ்சு மணி, முதல் வரி. எழுதிப் பார்த்தார்.

"பாருங்கடா, இந்த வயசுல எம்லின் வர்றார்" என்றான் ரோட்ரி. "அந்தப் பய இவரைப் பாத்துக் கத்துக்கணும்."

"அவன் நான்தான்" என்றார் எம்லின், திரும்பாமலே. "இந்தப் பேனா எழுத மாட்டேங்குது. வேற இருக்கா?"

ரோட்ரியின் முகம் காது வரை சிவந்தது. பிறகு அவன்தான் எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்த தன் பேனாவை அவரிடம் நீட்டினான்.