நாகலக்ஷ்மி மிஸ் போடாத மார்க்

ஐஸ் பெட்டியின் வயரை ஜன்னல் வழியாக இழுத்து ஹால் பிளக்கில் சொருகிக்கொண்டிருந்தபோது உமேஷ் அவர்களைப் பார்த்துவிட்டான். கேட்டுக்கு வெளியே மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் ரோஜா மாலை. உமேஷின் கை நழுவியது. போர்டிகோவில் பெட்டிக்குள் அம்மாவின் தலைமாட்டில் எரிந்த சிறு பல்பு அணைந்து மறுபடி எரிந்தது.

"பாத்துடா," என்றார் பெரியப்பா. "கரன்ட்காரன் எப்ப புடுங்குவானோன்னு நானே பயந்துகிட்டிருக்கேன். நீ வேற."

உமேஷ் பிளக்கை அழுத்திவிட்டு ஜன்னலோரமாகவே நின்றான். பிரேம், ஜீவானந்தம், சுந்தர்சிங். இந்த மூன்று பேரும் வருவார்கள் என்று நேற்று சாயங்காலத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று, செத்துக் கிடக்கும் தாயை வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மா பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு, ஒரு பை நாட்டுக் கத்தரிக்காயும் ஒரு செம்பருத்திச் செடியுமாக வந்து சோபாவில் உட்கார்ந்தாள். "தண்ணி குடுடா" என்றாள். சொம்போடு அவன் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது. அவ்வளவுதான்.

நாகலக்ஷ்மி ஒரு ராக் குழுவுக்கு ரசிகையானது சண்டை போடப் போன இடத்தில். செம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மெட்டில்டா ஆன்ட்டி வீடு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவர் மகன் சுந்தர்சிங் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் டிரம்ஸை இறக்கி, கிட்டாரோடு இரண்டு சிநேகிதர்களையும் சேர்த்துக்கொண்டு, 'லெவல் கிராசிங்' என்று பெயரும் வைத்துவிட்டான். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. போய்ச் சொல்வது யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் நாகலக்ஷ்மியைக் கைகாட்டினார்கள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுந்தர்சிங்கை ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில் போட்ட புண்ணியவதியே அவள்தான்.

தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனவள் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. சத்தமும் நிற்கவில்லை. அப்பா சுப்பராயலு போய் எட்டிப் பார்த்தால், பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். "முப்பத்தொண்ணு. நாலு மார்க்ல ஃபெயில். திரும்ப வாசிங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். பல்லாவரம் சர்ச் ஹால், செங்கல்பட்டு, வண்டலூர் ரோட்டில் வரிசையாக முளைத்த எஞ்சினியரிங் காலேஜுகள் என்று லெவல் கிராசிங் எங்கே வாசித்தாலும் மூன்றாவது வரிசையில் இடது ஓரமாக அம்மா இருப்பாள். காட்டன் புடவை, மடியில் ஹேண்ட்பேக், பக்கத்தில் குடை. சுற்றிலும் பையன்கள் நாற்காலி மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். இவள் அசையமாட்டாள். வலது கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் தாளம் போடும். ஒரு தரம் பள்ளிக்கூடத்தில் ஒன்றுவிட்ட தங்கை கல்யாணம் என்று லீவு சொல்லிவிட்டு பெங்களூருக்கே ரயிலேறிவிட்டாள். இல்லாத அந்தத் தங்கைக்கு ஸ்டாஃப் ரூமில் எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் குடத்தில்தான் இன்று வரை வீட்டில் குடிதண்ணீர்.

கச்சேரி முடிந்ததும் மூன்று பேரும் வேர்த்து வழிய முதலில் தேடுவது அவளைத்தான். மார்க்குக்காக. கைதட்டல் எவ்வளவு வந்தாலும் மிஸ் வாயைத் திறக்கும்வரை அவர்களுக்குத் திருப்தி கிடையாது. "அறுபத்தெட்டு. ரெண்டாவது பாட்டுல டிரம்ஸ் முன்னாடி ஓடுது, கிட்டார் பின்னாடியே தொரத்துது. என்ன அவசரம்?" என்பாள். இங்கிலீஷில் பாடி வாயிலேயே மென்று முழுங்கினால் பத்து மார்க் கட். அதற்குப் பயந்தே பிரேம் தமிழில் எழுத ஆரம்பித்தான். அதிகபட்சம் எண்பத்திரண்டு. அன்று ஜீவானந்தம் நடு ரோட்டில் அவள் காலில் விழுந்தான். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து உமேஷ் பார்த்ததில்லை.

சின்ன வயதில் உமேஷும் கூடப் போனவன்தான். காலேஜுக்குப் போனதும் அது கசந்தது. வேறொரு காலேஜ் விழாவில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த சிநேகிதர்கள், மடியில் பையை வைத்து, குடையை நட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினார்கள். கேன்டீனே சிரித்தது. அது தன் தாய் என்று உமேஷ் சொல்லவில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான்.

இரண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில் அவன் காலேஜிலேயே லெவல் கிராசிங் வந்தது. அன்று மத்தியானம் அம்மா கச்சேரிக்கு உடுத்த நீலப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உமேஷ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, பிரேம் அண்ணா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீ முன்னாடி வந்து உக்காந்தா அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காம். பசங்க கிண்டல் பண்றாங்களாம். நேர்ல சொல்லக் கஷ்டமா இருக்குன்னு என்கிட்ட சொன்னாரு."

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள்.

"அப்படியா சொன்னாங்க?" என்றாள். "சரி. பெரிய பசங்களாயிட்டாங்க இல்ல."

பாதி இஸ்திரி போட்ட புடவையை மடித்து பீரோவில் வைத்தாள். சாயங்காலம் மேடைக்குப் பின்னால் பிரேம், "மிஸ் எங்கடா?" என்று கேட்டபோது உமேஷ் இன்னொரு பொய்யும் தயாராக வைத்திருந்தான். "அம்மாவுக்கு இப்பல்லாம் அந்தச் சத்தம் ஒத்துக்கலண்ணா. போதும்னுட்டாங்க."

அன்றைக்கு எவ்வளவு மார்க் என்று சொல்ல ஆளில்லை. ஆறு மாதத்தில் குழுவும் கலைந்தது. பிரேம் பெங்களூரில் வேலைக்குப் போனான், ஜீவானந்தம் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறைக்கு. சுந்தர்சிங் தெருவில் எதிர்ப்பட்டால், "நல்லாயிருக்கியாடா" என்பாள் அம்மா. "இருக்கேன் மிஸ்" என்பான் அவன். இருவருமே அதற்கு மேல் பேசவில்லை. இரண்டரை வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

பிரேம் மாலையைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றான். சுந்தர்சிங் அழுதான். ஜீவானந்தம் உமேஷின் தோளில் கைபோட்டு, "இன்னா உமேஷு, ஒரு வார்த்த சொல்லாம பூட்டாங்களே," என்றான்.

பிரேம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு வேப்பமரத்தடிக்குப் போனான்.

"டேய், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மிஸ்ஸுக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா? அன்னிக்கு உங்க காலேஜ்ல நாங்க வாசிச்சதுதான் பெஸ்ட். எண்பத்தஞ்சு போட்டிருப்பாங்கன்னு இவனுங்க இப்பவும் சொல்லுவானுங்க. சத்தம் பிடிக்கலன்னா ஏழு வருஷம் எப்படிடா வந்தாங்க? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

நாக்கு நுனி வரை வந்தது. பத்தடி தள்ளி அம்மா கிடக்கிறாள்.

"அதெல்லாம் இல்லண்ணா," என்றான் உமேஷ். "வயசாச்சு இல்ல."

பிரேம் தலையாட்டினான். நம்பிவிட்டான். தன்னைப் போல ஒரு அயோக்கியன் இந்தத் தெருவில் இருக்க முடியாது என்று உமேஷுக்குத் தோன்றியது.

பதினோரு மணிக்குக் குளிப்பாட்டி, பாடையில் கிடத்தி, வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போட்டார்கள். கடைசியில் அந்த மூன்று பேரும் வந்து நின்றபோது பெரியப்பா தயங்கினார்.

"நீங்க என்ன முறை வேணும் தம்பி?"

பிரேம் மற்ற இருவரையும் பார்த்தான். ஜீவானந்தம்தான் சொன்னான். "முறையெல்லாம் இன்னான்னு சொல்றது சார்? அவங்க கைல ஃபெயிலானவங்கோ."

ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பா, "போடட்டும்ணா," என்றார். மூன்று பேரும் போட்டார்கள்.

குடம் எடுக்குமுன் உமேஷைக் கொல்லைப்பக்கம் குளிக்க அனுப்பினார்கள். வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் மெட்டில்டா ஆன்ட்டி சுவருக்கு மேலாக ஃபிளாஸ்க்கும் டம்ளருமாக நீட்டினார். "ஒரு வாய் குடிப்பா. அவ்ளோ தூரம் நடக்கணும்."

உமேஷ் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். மெட்டில்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்திருக்க வேண்டும்.

"உங்கம்மா மாதிரி வராதுப்பா. உன்னை யார்கிட்டயும் விட்டுக்குடுத்ததில்ல. அன்னிக்கு உங்க காலேஜ்ல ப்ரோக்ராம் இருந்துச்சே, நான் வந்து கூப்பிட்டேன், வாங்க சேர்ந்து போலாம்னு. வரலைன்னாங்க. பசங்க வேணாம்னு சொன்னதா நீ சொன்னியாமே. அய்யய்யோ, எங்க சுந்தர் அப்படிச் சொல்லவே மாட்டான், இருங்க கேக்கறேன்னு கிளம்பினேன். கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

உமேஷ் டம்ளரைச் சுவர்மேல் வைத்தான். காபி அப்படியே இருந்தது.

"'தெரியும் மெட்டில்டா. பசங்க சொல்லியிருக்க மாட்டாங்க. எம் புள்ளைக்குத்தான் நான் வர்றது கூச்சமா இருக்கு. காலேஜ் வயசு, அப்படித்தான் இருக்கும். இதை அவங்க காதுல போட்டுடாதீங்க, அப்புறம் அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசமாட்டாங்க'ன்னு சொன்னாங்க. நான் இன்னி வரைக்கும் மூச்சு விடல." கர்த்தரைக் கும்பிடுவது போலக் கையெடுத்துக் கும்பிட்டார். "எவ்ளோ நல்ல மனசு பாரு."

யாரோ தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். உமேஷ் வாய்விட்டு அழுதான். பார்த்தவர்கள், இப்போதாவது அழுதானே, அழட்டும் என்றார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் அரை மணியில் முடிந்தது. மொட்டைத் தலையும் தோளில் குடமுமாக மூன்று சுற்று சுற்றினான். குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான். "அப்படியே நட, திரும்பிப் பாக்கக் கூடாது," என்றார் பெரியப்பா. அவன் நடந்தான். முதுகு காந்தியது. இரண்டரை வருஷம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால், நாலு அறை விட்டிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். மறு வாரமே ஏதாவது ஒரு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்திருப்பாள்.

சுடுகாட்டு வாசலில் இருந்த குழாயடியில் கால் கழுவிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போய்வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. சாவுக்கு வந்தவர்கள் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. மூன்று பேரும் கடைசியாக வந்தார்கள். சொல்லாமல் விட்டால் அம்மா மூடி வைத்தது மூடியபடியே இருக்கும். பிரேம் பெங்களூர் போய்விடுவான். இனி செம்பாக்கத்துக்கு வர அவனுக்குக் காரணமும் இல்லை. ஆனால் மிஸ்ஸுக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது என்ற நினைப்போடுதான் போவான்.

"பிரேமண்ணா," என்றான் உமேஷ். "அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காமப் போகல. நான்தான் பொய் சொன்னேன். நீங்க வர வேணாம்னு சொன்னதா அம்மாகிட்ட சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. உங்ககிட்ட அப்படிச் சொன்னேன், அவங்ககிட்ட இப்படிச் சொன்னேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஜீவானந்தம் குனிந்து அதை மூடினான்.

"மிஸ் நம்பிட்டாங்களா?" என்று கேட்டான் சுந்தர்சிங்.

"இல்லண்ணா. நம்பல. உங்க மேல அவ்ளோ நம்பிக்கை. ஆனா உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுட்டாங்க. தெரிஞ்சா நீங்க என்கிட்ட பேசமாட்டீங்கன்னு. அதுக்காகத்தான் வராமலேயே இருந்துட்டாங்க."

பிரேம் அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்தான், ஈர வேட்டியைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த தண்ணீரை உதறினான். பேன்ட் காலை இறக்கிவிட்டுக்கொண்டு பைக்குகள் நின்ற பக்கம் நடந்தான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. காலையிலிருந்து வந்துபோன அத்தனை பேரும் அப்படித்தான் போயிருந்தார்கள். வழக்கத்துக்காகச் சொல்லாமல் போகிறார்களா, இல்லை இனிமேல் எப்போதுமே பேசமாட்டார்களா என்று உமேஷுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

மெயின் ரோடு முனையில் தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பைக்குகளும் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு வழி கிடைப்பதற்காகக் காத்து நின்றன. சுந்தர்சிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பிரேமின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பானா என்று உமேஷ் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாடா," என்றார் பெரியப்பா. "வீட்டுல விளக்கேத்தி வெச்சிருப்பாங்க. மொதல்ல அதப் போய்ப் பாக்கணும்."

பைக்குகளுக்கு வழி கிடைக்க இன்னும் இரண்டு லாரிகள் போக வேண்டியிருந்தது. "ஒரு நிமிஷம் பெரியப்பா," என்றான் உமேஷ்.